வெறுமை என்று வாசித்த நிரல்

செவ்வாய்க்கிழமை, வட்டக்கச்சி

தேவகி அக்காவின் கிணற்று நீர்மட்டத்தைப் பதியும் கருவியில் ஒரு போகத்துப் பதிவு முழுவதும் போய்விட்டது. அழித்தது, கருவியின் சிப்பை இயக்க நான் எழுதிய டிரைவர் நிரல்.

பதிவுகளைச் சேமிக்கும் பிளாஷ் சிப் எழுதிக்கொண்டிருக்கும்போது வாசிக்கும் கட்டளை கொடுத்தால் சரியான பதில் வராது. எழுதி முடிந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். நான் நிரலை அப்படிக் கேட்க வைக்கவில்லை. சிப் வெறுமையாக இருக்கிறது என்று நினைத்த நிரல், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிட்டது.

ஆற்றில் மணல் அள்ளுவதால்தான் கிணறு வற்றுகிறது என்று நாளைய ஊர்க் கூட்டத்தில் காட்ட அக்காவிடம் அது ஒன்றுதான் இருந்தது.

பின்னேரம் போய்ச் சொன்னேன். "அக்கா, பிழை என்ர."

அவர் கோபிக்கவில்லை. "முந்தி நாளாந்தம் கயிறு விட்டு அளந்து கொப்பியில எழுதினனான், பிள்ளை. நீர் வந்து இந்தக் கருவிப் பெட்டியைப் பூட்டின பிறகுதான் அளக்கிறதை விட்டனான்" என்றார்.