கம்பெனித் தீ அணைந்த பிறகு

அக்கா, இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. இதே உறைக்குள் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் இருக்கும். நாங்கள் எல்லோரும் நலம், அண்ணன் வேலைக்குப் போய் வருகிறான், நீ வேளைக்குச் சாப்பிடு, இரவு டியூட்டி முடிந்து தனியாக வராதே என்று அப்பா சொன்னதையெல்லாம் எழுதினேன். உன்னைப் பற்றிய கவலை மட்டும்தான் அதில் உண்மை. அண்ணனுக்கு மார்பிலும் கைகளிலும் தீக்காயம், பின் அறையில் ஒளித்து வைத்திருக்கிறோம்.

நீ விட்டுப் போன ஊர் இப்போது இல்லை அக்கா. வயலில் எண்ணெய் வந்த கதையை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார், கம்பெனி கொடுத்த பணத்தை நம்பி ஊரே மாடுகளை விற்று மார்பிள் தரை போட்டது, கிணற்றில் எண்ணெய் மிதந்தபோதும் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தோம். போன கோடையில் எண்ணெய் வற்றிவிட்டது என்று குழிகளைச் சிமெண்டால் மூடினார்கள், பணமும் நின்றது. அப்பா மண்வெட்டி கேட்டுத் தெருவெல்லாம் அலைந்தார், ஒரு வீட்டிலும் இல்லை. “நமக்கு மார்பிள்ல வழுக்கி விழத்தான் தெரியும், போங்க”ன்னு அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள். வேறு ஊர் எண்ணெய் மட்டும் நம் தெருவோரக் குழாயில் இன்னும் ஓடுகிறது. அதில் ஓட்டை போட்டு எடுக்கத்தான் அண்ணன் போனான். வயல் நடுவே எண்ணெய் வாயுவில் இரவெல்லாம் எரிந்த கம்பெனித் தீயின் வெளிச்சத்தில்தானே நாம் வளர்ந்தோம், ஒரு டார்ச்கூட வாங்கியதில்லை. அதையும் அணைத்துவிட்டார்கள். இருட்டில் தட்டுத் தடுமாறி, மேலெல்லாம் எண்ணெயோடு திரும்பி வந்தவனுக்கு அம்மாதான் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக் கொடுத்தாள். தீ என்றால் எங்கோ தள்ளி நின்று எரிவது என்று பழகிவிட்டோம், அது அவன் சட்டையில் பற்றும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட கம்பெனிக் காவலர்கள் எண்ணெய்க் கறை தேடி வீடு வீடாக ஆண்களின் கைகளைப் பார்க்கிறார்கள். “ஆஸ்பத்திரிக்குப் போனா நேரா ஜெயில்தாம்மா, வாயத் திறக்காத”ன்னு அப்பா சொல்கிறார். கடை போனில் பேசினால் கடைக்காரர் காதில் விழும். நீ நர்ஸ், உனக்குப் புரியும், காயம் நாறுகிறது, நேற்றிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. அம்மா பற்பசை தடவுகிறாள். “வாலு, என் வாட்ச நீயே வச்சுக்க, பரீட்சைக்கு ஆகும்”னு அண்ணன் சொன்னான். அவன் அப்படிக் கொடுக்கிறவனா, சொல்லு.

இந்தக் கடிதம் உன்னிடம் வர ஒரு வாரமாவது ஆகும் என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது. அதுவரை அவன் தாங்கமாட்டான். ஜெயிலில் இருந்தால்கூட அவன் இருப்பான் இல்லையா அக்கா? நீ நல்லா இருக்கணும் என்று அம்மா தினமும் சொல்கிறாள். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். இப்படிக்கு, உன்

வாசலில் தட்டுகிறார்கள். டார்ச் வெளிச்சம் ஜன்னலில் அடிக்கிறது. அப்பா அண்ணன் வாயைப் பொத்த ஓடுகிறார். கதவுக்குப் பக்கத்தில் நான்தான் இருக்கிறேன் அக்கா, நான் திறக்க