அம்மா கையில் இருந்த புத்தகம்

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே அக்கா, உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். உன் அறையில் உன்னோடு தங்கியிருப்பவளுக்கும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு, முக்கியமாக நான் எழுதினேன் என்று அம்மாவிடம் மூச்சு விடாதே. நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, சில மாதமாக அப்படி எழுதியே பழகிவிட்டது, ஆனால் இன்றைக்கு அதை எழுதப் போவதில்லை. உன்னோடு படிக்கும் ஒல்லி அக்கா விடுமுறை முடிந்து காலையில் விமானம் ஏறுகிறாள், போகிற வழியில் நம் தெருமுனையில் காரை நிறுத்தி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் அம்மா படுத்த பிறகு உட்கார்ந்து அவசர அவசரமாக எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மா கையில், யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். ஊருக்கே கேட்கும்படி ஏன் பேசுகிறீர்கள் என்று நீகூட ஒருமுறை எரிந்து விழுந்தாய். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அம்மா பெயரில் உனக்கு வரும் கடிதங்கள் என் கையெழுத்தில் இருக்கின்றனவே, நீ கேட்டதற்கு, கூட்டம் கூட்டமாகப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கை வலிக்கிறது என்று பதில் வந்ததே, அதில் பாதிதான் உண்மை. அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். எழுதி எழுதி எனக்கே அவள் பேச்சு வந்துவிட்டது, ஈரத்தலையோடு தூங்காதே, ஆய்வுக்கூடத்திலிருந்து இருட்டில் தனியாக நடந்து வராதே, பிஸ்கட் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே, இதெல்லாம் இப்போது நானே உனக்குச் சொல்வேன். வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி என்னைக் கிழவி என்றுதான் கூப்பிடுகிறாள்.

அம்மாவின் புது நாவல் வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. சனி, ஞாயிறு வந்தால் பதிப்பாளர் மாமா காரை அனுப்பிவிடுகிறார், ஒரு வாரம் நூலகம், ஒரு வாரம் கல்லூரி, ஒரு வாரம் புத்தகக் கடையின் மாடி. எங்கே போனாலும் அதே பிளாஸ்டிக் நாற்காலிகள்தான், அதே கரகரக்கும் மைக், பாதி காலியான கூடத்தைப் பார்த்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும் ஒரு மனிதர். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன், தண்ணீர் பாட்டில், தொண்டைக்குச் சப்பும் மாத்திரை, பேனாக்கள், அம்மா படிக்கும் பிரதி, அதோடு என் பாடப் புத்தகங்கள், ஏனென்றால் எனக்குத் தேர்வு வருடம் என்பது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பேட்டி எடுக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பின்னட்டையோடு நிறுத்திக்கொண்டவர்கள். வீட்டையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அம்மாவும் சளைக்காமல், சமாளிக்கிறதில்லைங்க, ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்யறேன் என்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துவிடுகிறேன். வீடு திரும்பினால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுகிறாள். நான் கழற்றிவிட்டால், என்னடி எனக்குக் கால் இல்லையா என்பாள், ஆனால் காலை இழுத்துக்கொள்ள மாட்டாள்.

நாவல் உனக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றாய், அதனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் சொல்கிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. ஒரு நர்ஸ். பல வருடத்துக்கு முன்பு வீட்டை விட்டு ஓடிப்போன அவள் தம்பி ஒரு பையோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள். புத்தகத்தில் இருப்பது இதுதான். கூட்டங்களில் அம்மா எப்போதும் அந்த அத்தியாயத்தைத்தான் படிக்கிறாள், ஆனால் அவள் படிக்கும்போது நர்ஸ் படியிறங்கி ஓடி வந்து தம்பி கையிலிருந்து பையை வாங்கிக்கொள்கிறாள். முதலில் எனக்குத் தெரியவில்லை, நான் எங்கே வரி வரியாகப் பார்த்தேன். புத்தகக் கடை மாடியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் முன்வரிசையில் புத்தகத்தைப் பிரித்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர், கேள்வி நேரத்தில் எழுந்து, "ஏம்மா, புத்தகத்துல அந்தப் பொண்ணு கீழேயே வரலையே, நீங்க மட்டும் இறக்கிவிட்டுட்டீங்களே?" என்றார். அம்மா ஒரு கணம் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எழுதினவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா சார்?" என்றாள். கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் தன் கதையை மாற்றிப் படிக்கும் எழுத்தாளர் என்று பத்திரிகையில் போட்டார்கள். பதிப்பாளர் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, இதை முன்னாடியே சொல்லியிருந்தால் அட்டையிலேயே போட்டிருப்பேனே என்றார். அதிலிருந்து கூடங்கள் நிரம்பிவிட்டன, அக்கா. இன்னைக்கு என்ன முடிவு என்று வாசலிலேயே பிடித்துக் கேட்கிறார்கள். அம்மாவும் நின்ற இடத்தில் ஏதாவது ஒன்றைக் கட்டிப் படிக்கிறாள், ஒரு நாள் தம்பியே மாடிக்கு ஏறி வருகிறான், இன்னொரு நாள் அது தம்பியே இல்லை. நானும் இதை அம்மாவின் குறும்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் கல்லூரிக் கூட்டம் வரைக்கும்.

அவள் படிக்கும் பிரதி மழையில் நனைந்து அட்டை பிய்ந்துவிட்டதால் அதற்கு நான் பழுப்புத்தாள் அட்டை போட்டிருந்தேன். என் வேதியியல் கைடுக்கும் அதே தாள்தான், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைக்கு மேடையில் அவள் கையை நீட்டியதும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். நீண்ட அத்தியாயம், நடுவில் கொஞ்சம் படிக்கலாம் என்று கைடை வெளியே எடுத்தால், மடியில் இருப்பது நாவல். நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கைடை விரித்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் ஓரத்தில் எங்கள் வேதியியல் வாத்தியாரை மீசையோடு நான் கிறுக்கி வைத்திருந்த படம் என் இடத்திலிருந்தே தெரிந்தது. நர்ஸ் ஜன்னலுக்கு வரும் இடம், குரல் தழதழக்கிறது, சரியான இடத்தில் நிறுத்துகிறாள், சரியான நேரத்தில் பக்கத்தைத் திருப்புகிறாள், அடுத்த பக்கம் முழுக்க அட்டவணை. எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் மாற்றிக் கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், கொடுக்காவிட்டால் யாராவது கிட்டே வந்து பார்த்துவிடுவார்கள். படித்து முடித்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கையெழுத்து வாங்க வரிசையில் நின்றவர்களின் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எங்கே போட வேண்டுமோ அங்கே என் கட்டைவிரலை வைத்தேன். வழக்கமாக வைப்பதுதான், அவள்தான் பழக்கியிருந்தாள், ஏன் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறையில் கேட்டேன். பாலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே நின்றாள், பால் பொங்கி வழிந்தது, அணைக்கவில்லை. பிறகு சொன்னாள். கண்ணின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறதாம். ஓரமெல்லாம் தெரிகிறது, அதனால் நடக்கிறாள், கதவு தெரிகிறது, நாற்காலி தெரிகிறது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டதுபோல இருக்கிறதாம். எழுத்து தெரியவில்லை, போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை, நானும் கேட்டு உதவட்டும் என்றுதான் எப்போதும் ஸ்பீக்கர், எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை, என் முகம்கூட. கதையை முதலில் வேண்டுமென்று மாற்றவும் இல்லை அக்கா. நர்ஸ் இறங்கி வருவதாகத்தான் அவள் திரும்பத் திரும்பக் கையால் எழுதியிருக்கிறாள், அது ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. அச்சுக்குப் போகும் சமயத்தில் பதிப்பாளர் மாமா முடிவு ரொம்ப இனிக்கிறது என்றதால் ஒரே தடவை வாயால் சொல்லி மாற்றியது திரை இழுக்கும் முடிவு. படிக்க நிற்கும்போது வாயில் வருவது பழையதுதான்.

கண் டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணுக்குள் மாதம் ஒரு ஊசி போட வேண்டும், உடனே ஆரம்பித்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று சொல்லியிருக்கிறார். முதல் ஊசியை அம்மா இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டாள், ஒரு தடவை நூலகக் கூட்டம், ஒரு தடவை வானொலிப் பேட்டி. ஊசி போட்டால் கண் சிவந்து தண்ணீர் வடியுமாம், அந்த முகத்தோடு மேடையில் எப்படி உட்காருவது என்கிறாள். பதிப்பாளர் மாமாவிடம் சொல்லிவிடுவோம் என்று கெஞ்சினேன். "சொன்னா நாளைக்கே என்னைக் கண்ணு போன எழுத்தாளர்னு அறிமுகப்படுத்துவாங்க. அப்புறம் ஒருத்தரும் புத்தகத்தைப் பார்க்க மாட்டாங்க, என்னையத்தான் பார்ப்பாங்க" என்றாள். உனக்குச் சொல்லவே கூடாதாம், சொன்னால் கடைசி வருடப் படிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பாயாம். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பா இருந்திருந்தால் என்னிடம் வாங்கியிருக்க மாட்டாள்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை காலை டிவியில் நேரலை. மாற்றிப் படிப்பது போதாதாம், நிகழ்ச்சி நடத்துகிறவர் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கொடுப்பாராம், அம்மா முதலில் இருப்பதை இருக்கிறபடி படித்து, பிறகு வேறு மாதிரி சொல்ல வேண்டுமாம். பக்கத்தைக் கேமராவில் காட்டுவார்களாம். போனில் கேட்டபோது அம்மா அசதியில் சரி சரி என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவையாக ஊசிக்கு நாள் கொடுத்திருப்பதும் அதே வெள்ளிக்கிழமை காலைதான். அதனால் இப்போது தினமும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நாவலை ஒவ்வொரு பக்கமாகச் சத்தமாகப் படிக்கிறேன், அம்மா திருப்பிச் சொல்கிறாள். பக்க எண்ணை மட்டும் சொன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வர வேண்டும். அவள் எழுதியதை அவளே மனப்பாடம் செய்கிறாள். நடுவில் தடுமாறினால், எவடி எழுதினா இந்த வரியை, வாய்க்குள்ளேயே நுழைய மாட்டேங்குது என்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறோம், சிரித்துவிட்டு மறுபடி அந்தப் பக்கத்தின் முதலிலிருந்து. இன்னும் பாதிகூட ஆகவில்லை. ஆனது வரைக்கும் இன்றைக்குக் கேட்டால் நேற்றுச் சொன்னது பாதி மறந்திருக்கிறது. நான் வகுப்பில் தூங்கி விழுந்து டீச்சர் வெளியே நிற்க வைத்தார், அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

என்னால் முடியவில்லை அக்கா. சத்தியத்தை மீறுகிறேன், எனக்கு ஏதாவது ஆனாலும் பரவாயில்லை. நீ பெரியவள், நீ சொன்னால் கேட்பார்கள். இது கைக்குக் கிடைத்ததும் பதிப்பாளர் மாமாவுக்கு நீயே போன் செய்து வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி வேண்டாம் என்று சொல், காரணம் உன் வாய்க்கு வருவதைச் சொல், கண்ணைப் பற்றி மட்டும் அம்மா அனுமதி இல்லாமல் சொல்லாதே. அது அவளுடையது, அவளே சொல்லட்டும். பிறகு எப்படியாவது வியாழக்கிழமைக்குள் வந்துவிடு, ஒரு வாரம் போதும், படிப்பை விட வேண்டாம். ஊசி போடக் கூட்டிப் போகிறவர் பெரியவராக இருக்க வேண்டுமாம், ஆஸ்பத்திரியில் என்னை ஆளாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்கள். வரும்போது ஏன் வந்தாய் என்று அம்மா கத்துவாள். கத்தட்டும். நீ வாசலில் நின்றால் உன் முகம் அவளுக்குத் தெரியாது, அதனால் முதலில் பேசிவிடு, பேசாமல் நிற்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், வழியில் வெறும் வயிற்றோடு இருக்காதே, பணம் பத்தாவிட்டால் என் உண்டியலில்

கதவைத் தட்டுகிறாள். தூக்கம் வரலைடி, விழிச்சிருக்கியா, தொண்ணூத்தி ஆறாம் பக்கத்துல இருந்து ஒரு தடவை கேளேன் என்கிறாள். உள்ளே வந்துவிட்டாள், கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் இந்தத் தாளை மறைக்கவே இல்லை அக்கா, அவள் முகத்துக்கு எதிரேதான் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், என்ன வீட்டுப்பாடமா என்று கேட்கிறாள், நான் ஆமாம் என்று