பாலிஷ் போட்ட ஆந்தை

மே 4

அன்புள்ள மரங்கொத்திக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. உள்ளே ஒன்பது மைல் நீளத்துக்குக் காகிதச் சுருள். அதையெல்லாம் உருவி எடுத்தால் அடியில் ஒரு மரக்கட்டை. பெட்டி நசுங்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாய் என்று நினைத்து அதை ஓரமாக வைத்துவிட்டு, நீ செதுக்கி அனுப்புவதாகச் சொன்ன ஆந்தையை அரைமணி நேரம் தேடினேன். உன் அத்தைதான் “அதுதாங்க ஆந்தை” என்றாள்.

நான் யார் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். முப்பத்திரண்டு வருடம் மரச்சாமான் கடை மேனேஜர். இந்தக் கை தட்டிப் பார்த்த கட்டில்களை வரிசையாகப் போட்டால், நிலா வரைக்கும் படுத்துக்கொண்டே போய்விட்டு வரலாம். அப்பேர்ப்பட்ட கையால் உன் ஆந்தையைத் தூக்கினேன். கை கூசியது. உடம்பு முழுக்கக் கத்தித் தழும்பு. உப்புத்தாள் என்று ஒன்று இருப்பதை யாருமே உனக்குச் சொல்லவில்லையா? தலை வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கழுத்துச் சுளுக்கோடு ஆந்தை செய்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், பைனாகுலரும் கையுமாக ஏரிக்கரையில் குந்தியிருந்தால் இதுதான் வரும். பல்லைப் பிடுங்கக்கூட ஒருவரிடம் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கேட்டுப் பார்.

உன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கொடுத்த ஒரு வருட லீவு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. உன் அம்மா தினமும் போனில் என் காதைத் தின்கிறாள். “நீ நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, அவ மரத்தையே கட்டிக்கிட்டு அழட்டும். இல்லைன்னா ஒண்ணாந்தேதி ஒழுங்கா ஆபீசுக்குப் போகட்டும்.” நீயும் இதற்குச் சம்மதித்தாயாமே. தீர்ப்பு எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். கருணையினால் தள்ளி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரச்சாமான் சக்கரவர்த்தி,
உன் மாமா


மே 9

மாமாவுக்கு,

அது சுளுக்கு இல்லை. ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு ஆந்தை அப்படித்தான் தலையைச் சாய்க்கும். அடுத்தவர் பேசுவதைக் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு அடையாளம் தெரிவது கஷ்டம்தான்.

தழும்பும் இல்லை, இறகு. நீங்கள் ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்திருப்பீர்கள். நான் வெளி வெளிச்சத்துக்குச் செதுக்கியது. நான்கு நாள் மொட்டைமாடிச் சுவரில் வையுங்கள். பிறகு தீர்ப்பு சொல்லுங்கள்.

உப்புத்தாள் படக்கூடாது.

மரங்கொத்தி


மே 16

என் அருமை அக்கா மகளுக்கு,

மாடியில் வைத்தேன். வைத்திருக்கவே கூடாது.

நாற்காலியைப் போட்டு நானும் பல் டாக்டரும் செஸ் ஆடிக்கொண்டிருந்தோம். ஒரு காக்கை வந்தது. உன் கட்டையைப் பார்த்தது. தொண்டை கிழியக் கத்தியது. அவ்வளவுதான், அடுத்த நிமிடம் நாற்பது லட்சம் காக்கை. சூரியனே தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பாய்ந்து வந்து ஆந்தையின் தலைக்கு ஒரு விரல் உயரத்தில் திரும்பிப் பறந்தது. வழியில் என் தலையிலும் ஒரு கொத்து. டாக்டர் ராணியைக் கையில் பிடித்தபடி மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

“யோவ், இதுங்க நிஜ ஆந்தைன்னுல்ல நினைச்சுக்கிட்டிருக்கு” என்றார் அங்கிருந்து.

“காக்காய்க்கு என்னய்யா தெரியும்? என் கடையில ஒரு ஸ்டூலாவது வாங்கியிருக்கா?” என்றேன்.

மூன்று நாள் இதே கூத்து. படிப்பறிவில்லாத கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டு நீதிபதி மயங்கலாமா? நான் மயங்கவில்லை. நாலாம் நாள் அதைக் கீழே இறக்கி, உனக்கு ஒரு பேருபகாரம் செய்தேன். எங்கள் கடையின் பழைய பாலிஷ்காரரை வரவழைத்து, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஐந்து கோட் பாலிஷ் அடித்தாகிவிட்டது. இப்போது அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

ஆனாலும் தீர்ப்பு மாறாது. ஆபீசுக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமும் சொல்லிவிடுவேன்.

உன் மாமா


மே 24

மரங்கொத்தி,

பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

பளபளக்கும் ஆந்தையை டாக்டரிடம் காட்டிப் பெருமையடிக்க மறுபடியும் மாடியில் வைத்தேன். தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். காக்கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று வந்தது. ஆந்தையின் தலைமேல் சாவகாசமாக உட்கார்ந்தது. எச்சமிட்டது. என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோனது. மேனேஜராக இருந்த காலத்தில் முதலாளிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

டாக்டர் துணியால் துடைத்துக்கொண்டே, “நல்லா இருந்த ஆந்தையை ஸ்டூல் ஆக்கிட்டியேய்யா” என்றார். அதற்குப் பிறகு செஸ் ஆட வரவில்லை.

ஐந்து நாளாக யோசிக்கிறேன். நான் வாழ்நாளில் இவ்வளவு யோசித்ததில்லை என்று உன் அத்தை மூளை டாக்டருக்கே போன் செய்துவிட்டாள். இன்றுதான் அக்காவிடம் பேசினேன். “எனக்குக் கட்டில் தெரியும். ஆந்தை தெரியாது. அவளைப் போகச் சொல்லாதே” என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். கேட்காமல் வைத்துவிட்டேன்.

இன்னொன்று செய்து அனுப்பு. கை வைக்க மாட்டேன். உப்புத்தாள் இருக்கும் டிராயரின் சாவியை உன் அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

மாமா


மே 30

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ராஜினாமாவை அதற்கு முந்தின வாரமே கொடுத்துவிட்டேன்.

மே 16 கடிதத்தில் காக்கைகள் வந்ததை எழுதியிருந்தீர்கள். டாக்டர் மேஜைக்கு அடியிலிருந்து சொன்னதுவரை படித்தேன். அதற்கு மேல் படிக்கத் தேவைப்படவில்லை. மடித்து வைத்துவிட்டு அம்மாவிடம் போனேன். “உன் மாமா என்ன சொன்னான்?” என்றாள். “பாதிதான் படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

மீதியை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். அந்த இறகுகளுக்கு ஏழு மாதம் ஆனது.

அதை இனி மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். பீரோ பக்கத்தில் வையுங்கள், இப்போது அது மரச்சாமான் கூட்டம்தான். போனை அணைத்துவிட்டு அடுத்து ஒரு நீர்நாய் செதுக்குகிறேன். உங்களுக்கு அனுப்ப மாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. காக்கைகளை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மரங்கொத்தி