மருதம்மாள் கேட்ட முப்பது நாள்

1943

மார்ச் 9

காலையில் டிஸ்பென்சரியில் நாற்பத்தொரு பேர். பாதிப் பேருக்கு மலேரியா, பாதிப் பேருக்குப் பசி. இரண்டுக்கும் என்னிடம் மருந்து இல்லை. பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்க டிரசர் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான் என்று எனக்கே விளங்கவில்லை.

வீட்டில் என் மனைவி மருதத்துக்கு மூன்று வாரமாக மாலைக் காய்ச்சல், இருமல். இன்று சளியில் இரத்தம். முதுகில் குழலை வைத்துக் கேட்டேன். வலது நெஞ்சின் மேல்பக்கம். சந்தேகமே இல்லை, காசம்தான். சளியைச் சோதனைக்கு அனுப்பலாமே என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மணியம் சொன்னார்.

“எனக்குத் தெரியாததையா அவங்க சொல்லிடப் போறாங்க?” என்றேன். பன்னிரண்டு வருஷமாக நெஞ்சு கேட்கிற காது இது.

மார்ச் 10

மகள் பிரேமாவதியைச் சைக்கிளில் வைத்துப் பக்கத்து ஊர் திகாம் பத்துக்குக் கொண்டுபோய், மருதத்தின் அக்காள் ராக்காயி வீட்டில் விட்டேன். பிள்ளைக்கு ஐந்து வயது. காசம் முதலில் பிள்ளைகளைத்தான் பிடிக்கும்.

கிளம்பும்போது மருதம் அவளைத் தூக்க வந்தாள். நான் நடுவில் நின்று, “தொடாத” என்றேன். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். செய்தது சரிதான். சரிதானே?

ஏப்ரல் 2

மருதத்துக்குப் பின்னறை. தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய். கஞ்சியை நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். லயத்துப் பெண்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். என் பேச்சுக்கு இங்கே அவ்வளவு மரியாதை.

மே 17

திகாம் பத்து போனேன். பிள்ளை ராக்காயியை அம்மா என்கிறாள். மருதத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 20

மருதத்தின் தொடையில் பெரிய கட்டி. முழங்கால் வீங்கிவிட்டது. வயிற்றை அழுத்திப் பார்த்தால் இடப்பக்கம் மண்ணீரல் கையில் தட்டுகிறது. காசம் இப்படியா போகும்? எலும்பில் இறங்கும், சரி. ஆனால் இத்தனை இடத்தில், இத்தனை வேகமாகவா?

கட்டியைக் கீறிச் சீழை ஒரு போத்தலிலும் சளியை இன்னொன்றிலும் எடுத்து வைத்தேன். மணியம் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்குச் செய்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி லேபில் ஜக்கரியா என்று ஒருவர். ஒல்லியான மனிதர், சொங்கோ தொப்பி, சட்டையில் சாயக் கறை. கிருமி வளர்க்கச் சரக்கு இல்லாததால், சீனர் கடைக் கடல்பாசியை எலும்புச் சாற்றில் காய்ச்சி அதில் வளர்க்கிறார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். சேற்றில் வேலை செய்தாளா? காலில் புண் இருந்ததா?

இருந்தது. பால்மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பள்ளத்துச் சதுப்பில் நெல் நடச் சொன்னானே ஜப்பான்காரன், அப்போது ஆணி குத்திய காலோடு இறங்கினாள். சின்னப் புண், போ என்று சொன்னவன் நான்.

ஜூலை 8

ஜக்கரியா தட்டைத் திறந்து காட்டினார். கிருமி கிழவர் தோல்போலச் சுருங்கி வளர்ந்திருந்தது. மழை நனைத்த மண்ணின் வாடை அடித்தது.

“அண்ணே, இது காசமில்ல. சளியிலயும் தேடிட்டேன், காசக் கிருமி ஒண்ணுகூட இல்ல. மெலியாய்டோசிஸ்ம்பாங்க. மண்ணுல கெடக்கிற கிருமி. புண்ணு வழியா உள்ள போயி நெஞ்சு, மண்ணீரல், மூட்டுன்னு எல்லா எடத்துலயும் குந்திக்கும். யுத்தத்துக்கு முந்தி ரெண்டே ரெண்டு தடவ பாத்திருக்கேன்.”

“மருந்து?”

“வெள்ளக்காரன் காலத்துலயே இல்லண்ணே.” தட்டை மூடிவிட்டு, “ஒண்ணு. இது ஆளுக்கு ஆளு ஒட்டாது. புள்ளய அவங்க மடியிலயே விடலாம்” என்றார்.

நான்கு மாதம். சும்மா. நான்கு மாதம் ஒரு தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வைத்தேனே, சும்மா! வழியெல்லாம் அழுதேன். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஜூலை 9

மருதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரேமாவை நாளைக்கே கூட்டி வருகிறேன் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க, இன்னிக்கும் நீங்கதான் சொல்றீங்க. என் விசயத்துல எப்படியோ போவட்டும். புள்ள விசயத்துல வேணாம்.”

என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவள் குடித்து வைத்த மரவள்ளிக் கஞ்சி மீதியை, அவள் தட்டிலேயே, அவள் முன்னால் உட்கார்ந்து நான் குடித்தேன். பதறிப் போய்த் தட்டைப் பிடுங்க வந்தாள். பிறகு காலித் தட்டை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“முப்பது நாளு இப்படியே என் தட்டுல சாப்பிடுங்க. இருமல் வரலன்னா கூட்டியாங்க.”

அவளிடம் முப்பது நாள் இல்லை. எனக்குத் தெரியும்.

ஜூலை 13

காலையில் எழுந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். “இருமுங்க பாப்போம்” என்கிறாள். இந்த வீட்டில் இப்போது அவள்தான் டிரசர்.

ஜூலை 20

தினம் பாயிலிருந்து ஒரு கோரையை உருவித் தலைமாட்டில் வைத்து நாள் கணக்கு வைக்கிறாள். நேற்றுக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது நான் பத்துக் கோரையைச் சேர்த்து வைத்தேன். இன்று எண்ணிப் பார்த்தாள்.

“பத்து திருடிட்டீங்க” என்று சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். கெஞ்சினேன். பத்தையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஜூலை 26

பேச்சு இல்லை. கஞ்சி இறங்கவில்லை. தட்டில் இருந்ததை நான் குடித்தேன்.

ஜூலை 27

மருதம் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 28

ராக்காயி மட்டும் வந்தாள். பிள்ளையைக் கூட்டி வர வேண்டாமென்று நான்தான் ஆள் விட்டிருந்தேன். “மொகத்தக்கூடக் காட்டாமப் பண்ணிட்டியே தம்பி!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மருதம் சொன்ன நாள் இன்னும் ஆகவில்லை. அவள் பேச்சை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. இதுவும் தப்போ என்னவோ.

ஆகஸ்ட் 7

முப்பதாம் நாள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை.

திகாம் பத்து போய்ப் பிரேமாவைக் கூட்டி வந்தேன். சைக்கிளை விட்டு இறங்கி வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப உள்ள வரலாமாப்பா?” என்று கேட்டாள்.

வரலாம் என்றேன்.