கண்ணாடி அலமாரியில் இருந்த பெல்ட்

என் செல்லச் சண்டைக்காரன் ஜெபாவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. கம்பெனி பஸ்ஸில் உன் ஜன்னல் சீட்டில் இப்போது ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். வாலாஜாபாத்தில் ஏறியதும் தூங்கிவிடுகிறாள். அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அவள் என்ன செய்தாள், பாவம்?

அந்த ஜன்னலோரம்தான் நம் சண்டை நடந்தது. இறக்கைக்கு மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்முனையில் ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதற்காக மேல்காற்று வேகமாக ஓடுகிறது, அதனால்தான் விமானம் எழும்புகிறது என்று டிப்ளமோ படித்த திமிரில் சொன்னேன். "ஏன்க்கா, அதுங்களுக்கு இன்னா ஷிப்டா, ரெண்டும் ஒரே டைம்ல பஞ்ச் அடிக்க?" என்றாய். உள்ளங்கையை வெளியே நீட்டி முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினாய். கை தானாக மேலே போனது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது என்றாய். அன்றைக்கே தேடிப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியானால் விமானம் புவியீர்ப்பை ஜெயித்துவிட்டதா என்று கேட்டேன். எடை எங்கேயும் போவதில்லை, ஓடுகிற வரைக்கும் காற்று அதைத் தாங்குகிறது, அவ்வளவுதான் என்றாய். வல்லம் வடகாலில் நம் கம்பெனி வாசலில் 'புவியீர்ப்பை வென்றவர்கள்' என்று ஆளுயர போர்டு நிற்கிறது. இறக்கைக்குள் போகிற சின்ன உலோகத் துண்டுகளைச் செய்கிறோம். லைனில் ஒருத்தர்கூட விமானம் ஏறியதில்லை. கொஞ்சமும் கூச்சமில்லாமல் அந்த போர்டுக்குக் கீழேயே உன் போட்டோவை வைத்து மாலை போட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வருஷா வருஷம் போல ஷெட்டைக் கழுவி, கூரையில் சீரியல் லைட் கட்டச் சொன்னார்கள். நீ ஏறினாய். நடுநடுவே வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட் தூசி படிந்து தகரம் மாதிரியே இருந்தது. அதில் கால் வைத்துவிட்டாய். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது உனக்கு மூச்சில்லை.

உயரத்தில் ஏறுகிறவர்களுக்கான பர்மிட்டை எழுதுவது நான். வாரம் முழுவதற்குமான பர்மிட்டுகளைத் திங்கட்கிழமை காலையிலேயே டிக் போட்டு அடுக்கிவிடுவது எங்கள் சேஃப்டி ஆபீஸ் வழக்கம். 'பெல்ட் கொடுக்கப்பட்டது' என்ற கட்டத்திலும் டிக். இடுப்பில் கட்டிக் கயிறு மாட்டும் அந்த பெல்ட்டுகளோ ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக, கவர்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாவி என் மேசையில்தான் இருந்தது. நீ கேட்கவில்லை, நான் கொடுக்கவுமில்லை.

இப்போது அந்தத் தாளைக் காட்டி, பெல்ட் கொடுத்தோம், அவன்தான் போடவில்லை என்கிறார்கள். நாளைக்கு விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேப்பர்ல இன்னா கீதோ அதையே சொல்லும்மா, உனுக்கும் அதான் நல்லது" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா தினமும் உன் போட்டோவைத் திட்டுகிறாள். "குடுத்த பெல்ட்ட போட்டுக்கறதுக்கு இன்னாடா கேடு உனுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நாற்பது நாளாக நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழி உன் மேல் கிடக்கிற வரைக்கும் என் வேலை பத்திரம். நானெல்லாம் என்ன ஜென்மம், ஜெபா?

பெல்ட்டும் ஈர்ப்பை ஜெயித்திருக்காது. உன்னைப் பிடித்து நிறுத்தியிருக்கும். எனக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

நாளைக்குக் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இன்ஸ்பெக்டரிடம் சொல்ல எனக்குப் பயமில்லை, வேலைதானே போகும். அம்மா அதற்கப்புறம் என் முகத்தில் முழிப்பாளா, தெரியவில்லை. முழிக்காவிட்டால் போகட்டும். நாளையிலிருந்து அவள் உன்னைத் திட்ட மாட்டாள். உனக்காக அழ மட்டும்தான் செய்வாள்.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா அக்கா