லட்சுமிக்குப் பின்னால் ஒரு வேட்டைக்காரி

அக்கா,

இன்று காலை வீட்டு லட்சுமி படத்தைச் சிராங்கூன் சாலைக் கண்ணாடிக்கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் பின்பலகையைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, சாமிக்குப் பின்னால இன்னொரு பொம்பள இருக்கா? குதிரையில லா!" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீ கண்ணை மூடி இருபது நாளாகியும் அப்படித்தான் மரத்துப்போய்க் கிடக்கிறேன்.

உன் ராணிதான் அது. துணிக்கடைக் காலண்டரில் வந்த பழைய அரண்மனை ஓவியம். நீ வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு, தையல் மெஷினுக்கு மேலே மாட்டினாய். தரையில் கால் படாத வெள்ளைக் குதிரை, தலைப்பாகை, முத்துமாலை, நாணேற்றிய வில். முன்னால் ஒரு மான் ஓடுகிறது. "பாருடி, அம்பு விடப்போறா, முகத்துல கொஞ்சம்கூடப் பதட்டம் இல்ல" என்பாய். "மகாராணி முதல்ல சட்டியக் கழுவட்டும்" என்பாள் அம்மா.

உன்னைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வந்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வில்லும் கையுமாக ஒருத்தி சுவரில் இருந்தால் சம்பந்தம் கெட்டுப்போகும் என்று நானாகவே நினைத்து, சட்டத்தைக் கழற்றி, ராணிக்கு மேல் ஒரு லட்சுமி படத்தை வைத்து மூடினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதிகப்பிரசங்கி!

வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். "எங்கடி என் ராணி?" என்று நீ கேட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். "அப்பாதான் கிழிச்சுப் போட்டுட்டு லட்சுமிய வச்சாரு" என்றேன்.

நீ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. அதன்பிறகு அவரிடம் "சாப்பாடு வச்சிருக்கு", "போயிட்டு வர்றேன்", அவ்வளவுதான். ஈப்போவிலிருந்து நீ எழுதிய கடிதங்களிலும் அவரைப் பற்றி விசாரிப்பு இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ வரும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். சேலை விலையைப் பேசிவிட்டு மூடிக்கொள்வேன்.

போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது கேட்டார்: "உங்க அக்காவுக்கு நான் என்னம்மா பண்ணேன்? முகம் கொடுத்துப் பேசவே மாட்டேங்கிறாளே."

"ஒண்ணுமில்லப்பா. தூரம் லா, அதான்" என்றேன்.

அவர் நம்பினார். நீயும் நம்பினாய்.

அக்கா, அப்பா உன் படத்தைத் தொட்டதுகூட இல்லை. பொய் சொன்னது நான். இதைக் கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேரும் போய்விட்டீர்கள். இனி இது என்னோடுதான்.