இருபது ஊதா நாடாக்கள்

நீகாத்தா, ஜூலை 17

வீட்டில் இல்லாத என் வீட்டுக்காரருக்கு,

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், சிரிக்கக் கூடாது. ஐம்பது வயதில் நிறுத்திவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு நீங்கள் மறுபடி மல்யுத்தக் கோதாவில் ஏறியபோது, உங்கள் பெட்டியை வாசலில் வைத்து, இனி உங்கள் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்றவள் நான்தான். இரண்டு வருஷம் காப்பாற்றினேன். நேற்று போட்டித் தொடர் நம் ஊருக்கே வந்ததும் டிக்கெட் வாங்கிவிட்டேன். நம் கடைக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்க வருகிறவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்று, அங்கே விற்ற முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டேன். அது உங்கள் எதிராளி வெள்ளைப் பருந்தின் முகமூடி என்பது அவன் கோதாவில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் ஐந்து நிமிஷம் பிடி போட்டு நிதானமாகக் கொண்டுபோனீர்கள், நன்றாக இருந்தது. நெஞ்சில் விட்ட அறை பூனையைத் தடவுகிற மாதிரி. விழுந்தது மட்டும் அருமை. நனைந்த மெத்தையை மாடியிலிருந்து போட்டதுபோல் ஒரே சத்தம். அந்த ஊதா ஜட்டி இன்னும் தாங்குகிறதே, தைத்தவரைப் பாராட்ட வேண்டும்.

பக்கத்தில் ஒரு பெண், பேரை அறிவிக்கும்போது கோதாவில் வீசுவதற்குக் கொண்டுவந்த காகித நாடா உருளைகளைப் பிரித்து, நடுவில் இருக்கும் அட்டைக் குழலை உருவிவிட்டு மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். "கொழலோட வீசினா மண்ட ஒடஞ்சிரும்க்கா" என்றாள். பருந்தின் பேரை அறிவித்ததும் கோதா முழுக்க வெள்ளை நாடா. உங்கள் பேருக்கு ஒன்றுகூட விழவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ஊதாக்காரர் யாருக்கா?" என்று கேட்டாள். "தெரியல, எங்க பக்கத்து வீட்டுக்காரர் சாயல்ல இருக்கார்" என்றேன்.

முள்ளங்கி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

சயோகோ

தொயாமா, ஜூலை 21

சயோகோ,

பருந்து முகமூடி போட்ட ஒருத்தி, எல்லாரும் கத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதே நினைத்தேன்.

அறை சரியில்லை, உண்மைதான். ஊறுகாயில் உப்பு அதிகம். தீர்ந்துவிட்டது.

25ஆம் தேதி கனசாவாவில் ஆட்டம். டிக்கெட் இதோடு இருக்கிறது.

டெட்சுரோ

நீகாத்தா, ஜூலை 27

அன்புள்ள உங்களுக்கு,

கனசாவாவுக்கு நான் வந்தது கத்தரிக்காய் விலை விசாரிக்க. வந்த இடத்தில் ஆட்டத்தையும் பார்த்தேன்.

முப்பது நிமிஷமும் ஆடி, வெற்றி தோல்வி இல்லாமல் ஆளுக்கொரு புள்ளி. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நான் எழவில்லை. இருபதாவது நிமிஷத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிராளி ஒனோதேராவை முறைத்தீர்களே, அது முறைப்பா? மூச்சு வாங்கல். வலது கை ஒருமுறைகூடத் தோளுக்கு மேலே போகவில்லை. இந்தக் கையோடு எப்படித் தலை சீவுகிறீர்கள் என்று கவலைப்பட்டேன். முடி இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. ஒனோதேராவைத் தூக்கிப் பின்பக்கம் போட்டபோது, அவன் தலை தரையில் படுவதற்குள் உங்கள் இடது உள்ளங்கை கீழே போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்தவன் தலையை அவ்வளவு பார்த்துப் போடுகிற ஆளுக்குத் தன் கழுத்தைப் பார்க்கத் தெரியவில்லையே. ரயிலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சயோகோ

நகோயா, ஆகஸ்ட் 3

சயோகோ,

ஆகஸ்ட் 11, டோக்கியோவில் நருமியோடு ஆட்டம். அதோடு நிறுத்துகிறேன். இந்தத் தடவை வாயால் சொல்லவில்லை, கம்பெனித் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரலாமா? பதில் எழுதாதே. எழுதினால் நீ கிண்டல்தான் செய்வாய், எனக்கு அர்த்தம் புரியாது. என் பேரை அறிவிக்கும்போது ஊதா நாடா ஒன்று வீசு, போதும். விழாவிட்டால் ஒசாகாவில் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன். கோபித்துக்கொள்ளமாட்டேன்.

டெட்சுரோ

நீகாத்தா, ஆகஸ்ட் 12

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கோதாவை விட்டு இறங்குவதற்குள் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன், விடியற்காலையில் மீன் சுட வேண்டுமே. அதனால் இந்தக் கடிதம்.

நேற்று நீங்கள் விட்டது அறை. நான் இருந்த ஏழாவது வரிசைவரை கேட்டது. நருமி உங்கள்மேல் விழுந்து அழுத்தியபோது மூன்று எண்ணுவதற்குள் தோளை எடுக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. தோற்ற பிறகு அவன் கையைப் பிடித்து நீங்களே தூக்கிக் காட்டினீர்கள். வலது கையால். தோளுக்கு மேலே போனது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

உங்கள் மெத்தை வெயிலில் காய்கிறது. மாத முடிவில் கம்பெனியில் விலகுகிற வேலையெல்லாம் முடிந்ததும் வந்துசேருங்கள். தோளுக்கு வைத்தியரிடம் நாள் வாங்கிவிட்டேன்.

ஒரு நாடா போதும் என்று எழுதியிருந்தீர்கள். அது குறி தப்பி வேறெங்காவது விழுந்தால் நீங்கள் ஒசாகா போய்விடுவீர்களே என்று இருபது வாங்கினேன். முகமூடி போடவில்லை. இருபதையும் வீசினேன்.

முப்பது வருஷ நினைவுகள் பொங்கிவர, கண்ணீரை அடக்க இடது கண்ணை மூடியபடியே கடைசிவரை போராடினார் என்று இன்றைய பேப்பரில் உங்களைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பது உருளையில் அட்டைக் குழலை எடுத்துவிட்டேன்.

சயோகோ